எங்கள் வேலிப் பச்சோந்தி

(இரண்டாம் ஆண்டு விலங்கியல் மாணவி)

கட்சி மாறியவரைத் திட்ட வேண்டுமா? ‘பச்சோந்தி’ என்ற ஒரு சொல் போதும். மேடைதோறும் முழங்கும் அச்சொல்லால் மனிதருக்கு வந்த இழுக்கைவிட, அந்த எளிய உயிருக்கு வந்த இழுக்கே மிகுதி. ஏமாற்றுவதற்காகவே அது நிறம் மாறுகிறது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆனால் காலைக் குளிரில் அது கருத்து நின்று வெயிலை வாங்கிக்கொள்ளும். உச்சிப் பொழுதில் வெளுத்து வெப்பத்தைத் தள்ளும். சினத்தையும் அச்சத்தையும் நிறத்தாலேயே தெரிவிக்கும். தோலின் உயிரணுக்களில் உள்ள நுண்ணிய படிகங்கள் நெருங்கியும் விலகியும் அமைவதால் நிறம் மாறுகிறது என்பதை, மடகாஸ்கர் நாட்டுப் பச்சோந்தி இனம் ஒன்றை ஆராய்ந்து ஜெனீவா பல்கலைக்கழகத்தார் 2015-இல் வெளியிட்டனர். வெயில் மிகுந்த நம் தருமபுரி மாவட்டத்திற்கு இதைவிடப் பொருத்தமான குடிமகன் யார்?

பென்னாகரம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் மானாவாரிக் கொல்லை உண்டு. கேழ்வரகும் நிலக்கடலையும் விளையும். சுற்றிலும் தாத்தா காலத்துக் கிளுவை வேலி. இடையிடையே கள்ளி, ஆவாரை, கோவைக்கொடி, நான்கைந்து வேப்ப மரங்கள். அந்த வேலியில்தான் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் என் தம்பி ஒரு பச்சோந்தியைக் கண்டான். ஓணானைப்போல் ஓடாமல் ஆடி ஆடி அது நடப்பதும், ஒரு கண் மேலே பார்க்க மறுகண் கீழே பார்ப்பதும், உடலைவிட நீண்ட நாக்கு நொடியில் பாய்ந்து பூச்சியைக் கவர்வதும் அவனை மயக்கிவிட்டன. “அக்கா, கூண்டு செஞ்சு வாசல்ல வெச்சு வளக்கலாம்” என்று ஒரே பிடிவாதம். பக்கத்துக் கொல்லைப் பாட்டியோ, “அய்யோ, வெசம்! அடிச்சுப் போடு” என்றார். அதற்கு நஞ்சே இல்லை என்று பாட்டிக்கு விளக்கிச் சொன்னேன். இனி தம்பிக்குப் பதில் சொல்ல வேண்டும்.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுப் பச்சோந்தியைப் பிடித்து வளர்ப்பது குற்றம் என்றேன். சட்டம் அவனுக்குப் புரியவில்லை. “சரி, கூண்டில் என்னென்ன வைப்பாய்?” என்று கேட்டேன். இருவரும் கணக்குப் போட்டோம். காலையில் காய வெயில் வேண்டும். நண்பகலில் ஒதுங்க நிழல் வேண்டும். எப்போது எது வேண்டும் என்பதை அதுவே தேர்ந்துகொள்ள வேண்டும். கிண்ணத்துத் தண்ணீரை அது நாடாது. இலையில் தங்கும் பனித்துளியையும் மழைத்துளியையும் நக்கித்தான் குடிக்கும். உயிருள்ள பூச்சிகள் நாள்தோறும் வேண்டும். பிடித்து ஏறக் கிளைகள் வேண்டும். பெண்ணாக இருந்தால், முட்டையிடக் கீழே இறங்கித் தோண்ட இளகிய மண் வேண்டும். எழுதி முடித்துப் பட்டியலைப் படித்த தம்பி, “அக்கா, இது எல்லாம் நம்ம வேலியிலயே இருக்குதே!” என்றான். அத்துடன் கூண்டுப் பேச்சு நின்றது.

சித்திரையில் கிளுவை இலை உதிர்த்து எலும்பாய் நின்றபோது பச்சோந்தி வேம்புக்கு மாறிவிட்டது. தம்பி காலைதோறும் ஒரு சொம்புத் தண்ணீரை வேப்பிலைகளில் தெளித்துவிட்டு எட்டி நின்று பார்ப்பான். அது துளித்துளியாய் நக்கும். அதுவே அவன் வளர்ப்பு.

வெளிநாடுகளில் பச்சோந்தியைச் செல்லப் பிராணியாக வளர்ப்போர் பலர் உள்ளனர். 1972-இல் ஆப்பிரிக்காவின் கென்யாவிலிருந்து ஹவாய்த் தீவுகளுக்குச் சில ஜாக்சன் பச்சோந்திகள் விற்பனைக்காக வந்தன. பயணத்தில் வாடிப்போயிருந்த அவற்றை, தேறட்டும் என்று கடைக்காரர் தம் தோட்டத்தில் விட்டார். அவை தப்பிப் பெருகின. இன்று அங்குள்ள அரிய பூச்சிகளுக்கும் நத்தைகளுக்கும் அவை பகையாகிவிட்டன. இங்கே வேலிக்கு அழகு செய்யும் உயிர், தனக்குரிய மண்ணைவிட்டுப் பெயர்க்கப்பட்டால் அங்கே கேடாக முடிகிறது.

ஆனால் எங்கள் பச்சோந்திக்குக் கூண்டைவிடப் பெரிய ஆபத்து வேறு வழியில் வந்தது. வேலியை வெட்டிவிட்டுக் கல்லுக்கால் நட்டு முள்கம்பி கட்ட அப்பா முடிவு செய்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. “வேலி ரெண்டு முழம் நெலத்த முழுங்குது. சந்துல ஆடு பூந்து கடலைக்கொடிய மேஞ்சுடுது. வருசா வருசம் கவை வெட்டி அடைக்க ஆள் எங்க கெடைக்குது?” என்றார். ஒவ்வொரு சொல்லும் உண்மை. பச்சோந்தி வெட்டுக்கிளி பிடிப்பதைச் சொன்னேன். “ஒண்ணு எத்தனைய புடிக்கும்மா?” என்று சிரித்தார். “ஒன்று மட்டுமில்லை அப்பா. கரிச்சானும் ஓணானும் தவளையும் தேனீயும் அந்த வேலியில்தான் இருக்கின்றன. கம்பியில் எது குடியிருக்கும்?” என்றேன். அவர் பதில் சொல்லவில்லை.

வைகாசியில் சாலைப் பக்கமும் இரு பக்கவாட்டிலும் கம்பி வந்துவிட்டது. ஓடைப் பக்கத்து வேலியை மட்டும், வேம்புகளோடு, அப்பா விட்டுவைத்தார். சந்துகளைத் தாமே கவை வெட்டி அடைத்தார். பச்சோந்தி இப்போது அங்கே இருக்கிறது. முன்போல் கொல்லையைச் சுற்றிக் கிளைவழியே செல்ல அதற்கு வழியில்லை. வேறிடம் நாடினால் வெட்டவெளியைக் கடக்க வேண்டும். மெல்ல நடக்கும் அதற்குப் பருந்தும் நாயும் வண்டிச் சக்கரமும் எமன்கள்.

நண்பர்களே! நம்மில் பலர் கொல்லைக்காட்டு வீடுகளிலிருந்து வருகிறோம். நம் வீட்டிலும் ஒருநாள் வேலியை வெட்டும் பேச்சு வரும். முழுவதும் காப்பது எல்லோராலும் இயலாது. ஒரு பக்கத்தையேனும் கேட்டு வாங்குங்கள். பச்சோந்தி வளர்க்க ஆசையிருந்தால் அந்த ஒரு பக்கம் போதும். கோடையில் ஒரு சொம்புத் தண்ணீரும் போதும்.