செத்த கப்பல் சுடுமா?

"செத்த கப்பல் எப்படிடா சுடும்?" என்று என் தம்பியிடம் கேட்டேன். நண்பர்களே, அந்தக் கேள்விக்குச் சரியான பதில் "சுடும்" என்பதுதான். அது தெரிய எனக்கு ஒரு ராத்திரி ஆச்சு!

போன லீவுக்கு வந்த சித்தப்பா ஒரு பெட்டி கொண்டுவந்தார். ஸ்டார் வார்ஸ் படங்களை வைத்துச் செய்த 'எக்ஸ்-விங்' விளையாட்டு. 2012-ல் அமெரிக்காவில் முதலில் வந்தது. எங்களுடையது 2018-ல் வந்த இரண்டாம் பதிப்பு. உள்ளே வர்ணம் பூசிய மூன்று குட்டி விண்கப்பல்கள்: ஒரு எக்ஸ்-விங், இரண்டு டை ஃபைட்டர். கட்டம் போட்ட அட்டை கிடையாது. மூன்றடிக்கு மூன்றடி இடம் போதும். எங்கள் வீட்டுக் கூடம்தான் விண்வெளி!

ஆட்டம் இப்படி. முதலில் இரண்டு பேரும் கப்பல் போகும் வழியை ஒரு சக்கரத்தில் ரகசியமாகத் திருப்பிக் கவிழ்த்து வைக்க வேண்டும். பிறகு நகர்த்தல். அப்புறம் சண்டை. ஒவ்வொரு விமானிக்கும் ஓர் எண் உண்டு. நகரும்போது சின்ன எண் முதலில்; சுடும்போது பெரிய எண் முதலில். கெட்டிக்கார விமானி மற்றவன் எங்கே நிற்கிறான் என்று பார்த்துவிட்டுத் தன் கப்பலைத் தயார் செய்துகொள்வான், ஆனால் முந்திச் சுடுவான். இது புரியாமல் முதல் நாள் முழுக்கத் தப்பாகவே ஆடினோம்.

மறுநாள் தம்பிக்கு எக்ஸ்-விங், எனக்கு டை ஃபைட்டர்கள். எல்லா விமானிக்கும் எண் 3. எண் சமமானால் முதல் ஆட்டக்காரர் முந்துவார். அன்று அது நான். என் ஒரு கப்பல் போய்விட்டது. மற்றது இன்னும் ஓர் அடிதான் தாங்கும். தம்பியுடையதும் அப்படியே. இரண்டும் மூக்குக்கு மூக்கு நேராக நின்றன. கிட்டத்தில் சுட்டால் ஒரு பகடை கூடுதல். மூன்று சிவப்புப் பகடை உருட்டினேன். இரண்டு அடி! அவன் உருட்டிய பச்சைப் பகடையில் ஒன்றைத்தான் தடுக்க முடிந்தது. எக்ஸ்-விங்கை எடுத்துப் பெட்டியில் போட்டேன்.

"அண்ணா, நான் இன்னும் சுடலையே!" என்றான். அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். அவன் பேசாமல் எழுந்து போய்விட்டான்.

ராத்திரி விதிப் புத்தகத்தைப் புரட்டினேன். ஒரே எண் உள்ளவர்கள் ஒரே நேரத்தில் சுடுவதாகக் கணக்காம். அழிந்த கப்பலும் தன் முறைக்குச் சுட்ட பிறகுதான் வெளியே போகும். நாம் ஒருவர் பின் ஒருவராகப் பகடை உருட்டுகிறோம், அவ்வளவுதான். விண்வெளியில் இரண்டு குண்டும் ஒன்றாகவே கிளம்பிவிட்டன!

புத்தகத்தை மூடினேன். தம்பிக்கு இவ்வளவு இங்கிலீஷ் படிக்க வராது. நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் தூக்கம் வரவில்லை.

காலையில் "டேய், நீ சொன்னதுதான்டா சரி" என்றேன். கப்பல்களைப் பழைய இடத்தில் வைத்தோம். அவன் நான்கு சிவப்பு உருட்டினான். மூன்று அடி! என் பச்சைப் பகடை மூன்றும் வெறுமையாக விழுந்தன. கூடத்தில் ஒரு கப்பலும் மிச்சமில்லை. தம்பி போட்ட கூச்சலில் அம்மா அடுப்பை விட்டு ஓடி வந்தார்கள்.

விதியைப் படித்தவன் எதிரில் இருப்பவனுக்கும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். இப்போது சண்டை வந்தால், கப்பலை எடுப்பதற்கு முன் நானே கேட்கிறேன்: "நீ சுட்டாச்சாடா?"

— 9-ஆம் வகுப்பு, ஆ பிரிவு