பொறாமைப்பட ஓர் ஊர்

ரொறன்ரோவில் வட்டுக்கோட்டைச் சனம் நாலு பேர் கூடினால் பேச்சு எந்தப் பக்கம் போகும் என்று எனக்குப் பாடம். யாழ்ப்பாணக் கல்லூரி வரும். அதற்கு முந்தி 1823இல் அமெரிக்க மிஷனார் தொடங்கிய செமினரி வரும், டானியல் பூவர் வருவார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் எங்கட செமினரிப் பிள்ளைகள் என்ற பெருமை வரும். இரண்டாவது தேத்தண்ணி முடிவதற்குள் பண்ணாகமும் அங்கே நிறைவேறிய 1976ஆம் ஆண்டுத் தனிநாட்டுத் தீர்மானமும் வந்து, பிறகு சத்தம் கூடிவிடும்.

எனக்கு இதிலெல்லாம் பங்கு உண்டு. ஆனால் படுக்கையில் நித்திரை வராமல் புரளும்போது மனம் போய் நிற்கிற இடம் வட்டுக்கோட்டை அல்ல. பொன்னாலைப் பாலத்தைத் தாண்டி, காரைநகரைத் தாண்டி, கடலுக்கு அங்கால் இருக்கிற ஊர்காவற்றுறைதான். எங்கள் வீட்டில் அதை ஊராத்துறை என்றுதான் சொல்வோம். அங்கே எங்களுக்கு ஒரு பரப்புக் காணி இல்லை. கொண்டான் கொடுத்தான் தொடர்பும் இல்லை. அப்புவின் பழைய புகையிலைக் கணக்கு ஒன்றுதான் சொந்தம். அந்தக் கணக்கு நான் பிறக்க முதலே முடிந்துவிட்டது. என்றாலும் அந்தோனியார் பெருநாளைச் சாட்டி அப்பு அங்கே போவார், போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போவார். நெற்றி நிறைய விபூதியோடு பெருநாளுக்குப் போகிற மனிசனை அங்கே ஒருவரும் புதினமாகப் பார்த்ததில்லை.

சித்தங்கேணிச் சந்தி, மூளாய், பொன்னாலை என்று பஸ் போகும். வரதராசப் பெருமாள் கோயிலைக் கண்டதும் அப்பு இருந்த இடத்திலேயே கையெடுப்பார். அதற்குப் பிறகு நிலம் முடிந்துவிடும். இரண்டு பக்கமும் முழங்கால் ஆழக் கடலும், நடுவே கீறினது போல ஒரு தெருவும்தான். வற்றுக் காலத்தில் பெண்கள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு சேற்றுக்குள் குனிந்து நிற்பார்கள். கடலுக்குள் நட்ட தடிகளில் வலை காயும், தடிக்கொரு நீர்க்காகம் இருக்கும். வயலும் குளமும் பனையுமாய் வளர்ந்த எங்களுக்கு அந்தத் தெருவே வெளிநாட்டுப் பயணம்.

காரைநகரும் பணக்கார ஊர்தான். அது காரைதீவாக இருந்த நாளிலிருந்தே, காகம் பறக்காத ஊரும் இல்லை, காரைதீவான் போகாத ஊரும் இல்லை என்பார்கள். கொழும்பிலும் தெற்கில் எந்தப் பட்டினத்திலும் கடை வைத்து, அந்தக் காசில் ஊரில் மதிலும் மாடியும் கட்டினார்கள். ஈழத்துச் சிதம்பரம் என்று பெயரெடுத்த சிவன் கோயிலுக்கு மார்கழித் திருவாதிரைக்கு வந்து குவிகிற சனத்தில் பாதி கொழும்பிலிருந்து வந்ததாக இருக்கும். அப்புவுக்கு அதெல்லாம் இரண்டாம் பட்சம். பஸ்ஸில் போகும்போதே தீர்ப்புச் சொல்லிவிடுவார்.

"இது கடைக் காசு மோனை. அங்கால இருக்கிறதுதான் கப்பல் காசு. அது வேற."

அந்த வேற என்ன என்பது துறைமுகத்தில் இறங்கினால்தான் தெரியும். முன்னால் கடலுக்கு நடுவில் கறுத்த சுவரோடு கடற்கோட்டை. போர்த்துக்கேயர் கட்டியது. 1658இல் ஒல்லாந்தர் வளைத்துக்கொண்டபோது உள்ளே குடிதண்ணீர் இல்லாமல் போனதால் விழுந்தது. சுற்றிவர இத்தனை தண்ணீர் இருந்தும் தண்ணீருக்காகப் பணிந்த கோட்டை. ஒல்லாந்தர் அதற்கு ஹமன்ஹீல் என்று பெயர் வைத்துத் திருத்திக் கட்டினார்கள். நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்த காலத்தில் அதைப் பார்க்கலாம், கிட்டப் போக முடியாது. அது சிறையாக இருந்தது. 1971 கிளர்ச்சியின் தலைவர் றோகண விஜேவீரவை அடைத்து வைத்திருந்த இடம் என்று பெரியவர்கள் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள்.

பாதை என்று நாங்கள் சொல்கிற மிதவை ஓடுகிற நாளில் அதில், ஓடாத நாளில் வள்ளத்தில் அங்கால் போய்ச் சேர்ந்தால் தெருவின் இரண்டு பக்கமும் வீடுகள். எங்கள் பக்கத்து நாற்சார் வீடுகள் உள்முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். இவை கடலைப் பார்த்துக்கொண்டிருந்தன. முருகைக்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த சுவர், கையை வைத்தால் மத்தியான வெயிலிலும் குளிரும். கதவும் நிலையும் பர்மாத் தேக்கு. அப்புவின் பழைய முதலாளி வீட்டு விறாந்தையில் என்னை ஒரு சாய்மனைக் கதிரையில் இருத்திவிடுவார்கள். பெரியவர்கள் கதைத்து முடியும் வரை எனக்கு வேலை மேலே பார்ப்பதுதான். கூரை ஓடுகளின் அடிப்பக்கத்தில் ஆங்கில எழுத்துகள் அச்சடித்திருக்கும். எழுத்துக் கூட்டத் தெரிந்த வயதில் நான் வாசித்த முதல் வெளிநாட்டு முகவரி அதுவாகத்தான் இருக்கும்: பாசல் மிஷன், மங்களூர். வாசித்துச் சொன்னபோது அந்த வீட்டு ஆச்சி சிரித்துக்கொண்டு, "அது எங்கட கப்பல்லை வந்தது ராசா" என்றா. எங்கட கப்பல்! எங்கள் வீட்டில் 'எங்கட' என்று சொல்ல இருந்தது ஒரு பசுவும் இரண்டு துவிச்சக்கர வண்டியும்தான்.

யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குப் போனது. வரும்போது ஓடும் மரமும் வந்தன. சோளகம் தொடங்கப் பாய் விரித்து இரங்கூன் பக்கம் போவார்கள், வாடைக்கு அரிசி மூட்டைகளோடு திரும்புவார்கள். அந்த விறாந்தையில் ஒரு கிழவர் இருப்பார், பாய்க்கப்பல் ஓட்டின தண்டையலாக இருந்தவர். நாள், கிழமை எல்லாம் அவருக்குக் குழம்பிவிட்டது. ஆனால் காற்று மாறினால் மட்டும் உடனே தெரியும். "கொண்டல் எழும்பீட்டுது" என்று யாரையும் பார்க்காமல் சொல்வார். பாய்க்கப்பல் என்றால் எல்லோரும் வல்வெட்டித்துறையைச் சொல்வார்கள். 1938இல் அன்னபூரணி அமெரிக்கா வரைக்கும் போய்ச் சேர்ந்ததால் அந்தப் புகழ் அவர்களுக்கு நிலைத்துவிட்டது. நியாயம்தான். ஆனாலும் ஊராத்துறையின் கணக்கு அதைவிட மிகப் பழையது.

எவ்வளவு பழையது என்பதற்கு நயினாதீவில் ஒரு கல் இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு வெட்டுவித்த தமிழ்க் கல்வெட்டு. பிறநாட்டார் ஊராத்துறைக்கு வந்து தங்கவேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்கவேண்டும் என்பது அதன் கட்டளை. அடுத்ததாகச் சொல்கிற கணக்குத்தான் எனக்கு மிகவும் பிடித்தது. யானையும் குதிரையும் கொண்டு வருகிற மரக்கலம் உடைந்தால் அரச பண்டாரத்துக்குக் கால் பங்கு, உடையவனுக்கு முக்கால் பங்கு. வேறு சரக்கு ஏற்றிய கலம் உடைந்தால் ஆளுக்குப் பாதி. அரசனுக்கு யானையும் குதிரையும் தேவைப்பட்டன. அதனால் அதைக் கொண்டு வருகிறவனுக்கு நட்டம் குறையவேண்டும் என்று நினைத்திருக்கிறான். பாறையில் மோதிச் சிதறின கப்பலுக்குக்கூட பங்கு பிரித்து வைத்திருந்த துறை அது. இதே பராக்கிரமபாகு சோழ நாட்டின் மேல் படையெடுக்க ஊராத்துறை, மாதோட்டம் முதலான துறைகளில் கப்பல் கட்டுகிறான் என்று கேள்விப்பட்டு, சோழப் படை வந்து அழித்ததைத் திருவாலங்காட்டுக் கல்வெட்டுச் சொல்கிறது. ஒரு ஊரின் பெயர் எதிரியின் கல்வெட்டிலும் இருந்தால் அது பெரிய ஊர்தான்.

ஒல்லாந்தர் காலத்தில் யானை போனது மறுதிசையில். வன்னியில் பிடித்த யானைகள் ஆனையிறவுக் கடலைக் கடந்து குடாநாட்டுக்குள் வந்தன. இந்தியக் கரையிலிருந்து வந்த வியாபாரிகள் முழக்கணக்கில் உயரம் பார்த்து விலை பேசி வாங்கினார்கள், துறையில் கப்பலேற்றிக் கொண்டுபோனார்கள். யானையைப் பாய்க்கப்பலில் எப்படி ஏற்றுவது என்று அப்புவை அரித்தெடுத்திருக்கிறேன். அவர் அந்தக் கிழத் தண்டையலைக் கேட்கச் சொன்னார். தண்டையல் யோசித்துவிட்டு, "யானைக்குக் காற்றுப் பிடிக்காது" என்று மட்டும் சொன்னார். அதற்கு மேலே பேச்சில்லை.

துறை ஏன் படுத்தது என்பதற்குப் பெரிய மர்மம் ஏதும் இல்லை. 1905இல் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ரயில் முழுதாக ஓடத் தொடங்கியது. அரிசி மூட்டைக்குக் காற்றுப் பார்த்துக் காத்திருக்க வேண்டிய அவசியம் குறைந்தது. 1942இல் யப்பான் பர்மாவைப் பிடித்தது, இரங்கூன் அரிசி நின்றது. சுதந்திரத்துக்குப் பிறகு மலையாளக் கரைப் புகையிலை வியாபாரமும் நொடித்தது. நான் பார்த்த ஊராத்துறை ஏற்கெனவே பழைய பணக்காரன். வருமானம் நின்று, வீடும் மரியாதையும் மிஞ்சியிருந்த காலம். பிள்ளைகளைப் படிப்பில் விட்டிருந்தார்கள். ஊராத்துறைக்குப் பக்கத்துக் கரம்பொன்னில் 1913இல் பிறந்த தனிநாயகம் அடிகளார் உரோமாபுரி வரை போய்ப் படித்தவர். லிஸ்பனில் பழைய தமிழ் அச்சுப் புத்தகத்தைத் தேடிப் பிடித்தவர். 1966இல் கோலாலம்பூரில் முதலாவது உலகத் தமிழ் மாநாட்டைக் கூட்டியவர். அப்பு அவரை "கரம்பொன் ஆள்" என்று மட்டும் சொல்வார். கப்பல்காரர் ஊரிலே பிறந்தவர் உலகம் சுற்றாமல் என்ன செய்வார் என்பது அவருடைய எண்ணம்.

1990இலும் 1991இலும் நடந்தவற்றை நீட்டி எழுத எனக்கு மனமில்லை. படை இறங்கியது, தீவுகள் வெறுமையாயின. வேலணை, அல்லைப்பிட்டி, ஊராத்துறைச் சனம் வள்ளங்களில் எங்கள் பக்கம் வந்து இறங்கினார்கள். கடல் பார்த்த விறாந்தைகளின் பிள்ளைகள் எங்கள் பள்ளிக்கூட வகுப்பறைகளில் பாய் விரித்துப் படுத்தார்கள். 1995 ஒக்டோபரில் இடம்பெயர எங்கள் முறை வந்தது.

போர் முடிந்த பிறகு போனேன். பொன்னாலைத் தெரு அகலமாகி வழுவழுப்பாக இருக்கிறது. பாதை இப்போது காசில்லாமல் ஓடுகிறது. மோட்டார் சைக்கிள், மீன் பெட்டி, பள்ளிக்கூடப் பிள்ளைகள், நான். கசூரினாக் கடற்கரையில் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்து குளிக்கிறார்கள். கடற்கோட்டை கடற்படையின் விடுதியாகிவிட்டது. சிறையாக இருந்த இடத்தில் விருந்தினர் படுக்கலாம். கூட வந்த பெறாமகனுக்கு அங்கே சாப்பிட ஆசை. கரையிலிருந்த சாப்பாட்டுக் கடையில் நண்டுக் கறி நன்றாகத்தான் இருந்தது. மேசையிலிருந்து பார்த்தால் கோட்டை தெரியும். சுற்றுலா வந்தவர்கள் கோட்டையைப் பின்னால் வைத்துப் படமெடுத்துவிட்டு அப்படியே திரும்பிப் போனார்கள், பாதை ஏறினவர்கள் குறைவு. எனக்கு இதில்தான் வருத்தம். கோட்டை ஊரின் செல்வமில்லை, செல்வத்துக்கு நின்ற காவல். காவற்காரனுடைய கொட்டிலைத் திருத்திப் பூச்சுப் பூசி வைத்திருக்கிறோம். வீடு அங்கால் விழுந்து கிடக்கிறது.

அங்கால் ஊராத்துறைக் கரையில் நின்ற ஊருண்டிக் கோட்டையில் இருக்கிறது முருகைக்கல் சுவரும் பற்றையும். தேவாலயங்களில் மணி அடிக்கிறது, பூசை நடக்கிறது, அது பெரிய ஆறுதல். ஆனால் தெருவில் மூன்று வீட்டுக்கு ஒரு வீட்டில் ஆலங்கன்று கூரையைப் பிளந்துகொண்டு நிற்கிறது. தெற்கே காலிக் கோட்டையில் ஒல்லாந்தர் கால வீடுகள் பல விடுதியும் நகைக்கடையுமாக மாறிவிட்டன. 1988இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய இடம். அந்த நிலை இங்கே வரவேண்டும் என்று நான் ஆசைப்படவில்லை. வெள்ளைக்காரன் வந்து கோப்பி குடிப்பதற்காக விறாந்தை பிழைப்பதும் ஒருவகைப் பிழைப்புத்தான். என்றாலும் விழுகிறதைவிட அது மேல் என்று ஒரு பக்கம் மனம் சொல்கிறது.

இந்தமுறை பணக்காரராக வந்தது நாங்கள். கையில் கனடாக் காசு, காரைநகரில் நிற்பாட்டிய வாடகை வான், கழுத்தில் கமரா. அந்தத் தெருவில் சிறுவயதில் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டபடி நடந்திருக்கிறேன். அந்தப் பெருமூச்சு எவ்வளவு சுகமானது என்பது இப்போதுதான் விளங்குகிறது. பார்த்துப் பொறாமைப்பட ஒரு வீடு, ஒரு குடும்பம், 'எங்கட கப்பல்' என்று சொல்ல ஓர் ஆச்சி வேண்டும். அவர்கள் இல்லாத ஊரில் எங்கள் காசுக்கு ஒரு மதிப்புமில்லை. நான் ஏங்குவது அந்த வீட்டுக்கு அல்ல. அந்த வீட்டு வாசலில் சிறியவனாக நின்ற என் நிலைக்குத்தான்.

முதலாளி வீட்டின் பேரன் ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரில் இருக்கிறார், என்னிலும் பத்து வயது மூத்தவர். திரும்பி வந்து அவருக்குப் போன் எடுத்தேன். முன் விறாந்தை இன்னும் நிற்கிறது, பின் பக்கம்தான் விழுந்துவிட்டது, திருத்தலாமே அண்ணை என்றேன்.

"திருத்திறது பெரிய காரியமே? ஆற்றை பங்கு எதெண்டு முதல்லை பாக்கவேணும். அப்பா ஆக்கள் ஏழு பேர். அவையின்ரை பிள்ளையள் பாரிஸ், ஒஸ்லோ, சிட்னி. ரெண்டு பேரின்ரை விலாசமே தெரியாது. எல்லாரும் கையெழுத்து வைச்சால்தான் நான் ஒரு ஆணியெண்டாலும் அடிக்கலாம்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்:

"நீ திரும்பவும் போவியே? போனால் விறாந்தைக் கூரையிலை எத்தினை ஓடு இருக்கெண்டு எண்ணிக்கொண்டு வா. போன வருசம் மச்சான் எண்ணினவன். குறைஞ்சிருந்தால் ஆரோ கழட்டுறாங்கள்."