மனநலத்துக்கும் அதே ஓ.பி. சீட்டு

சித்தி மகன் ராத்திரியில் தூங்குவதை நிறுத்தி மாதக்கணக்கில் ஆகியிருந்தது. டிப்ளமோ முடித்த பையன். டி.வி.யில் செய்தி வாசிப்பவர் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார் என்று ஒயரைப் பிடுங்கி எறிந்தான். சித்தி முதலில் மயிலம் மலைக்கு நேர்ந்துகொண்டார். பிறகு மந்திரிக்கிறவர், தாயத்து, எலுமிச்சம்பழம். கடைசியில் ஊருக்கு வரும் சுகாதாரச் செவிலியர்தான் வழி சொன்னார்: “அக்கா, சாமி கும்புடறத யாரும் வேணாங்கல. கும்புட்டுட்டு அப்படியே முண்டியம்பாக்கம் கூட்டிட்டுப் போங்க. சீட்டு போடற எடத்துல மனநலப் பிரிவுன்னு சொன்னா போதும்.”

துணைக்கு நானும் போனேன். கூட்டேரிப்பட்டில் பஸ் ஏறி, விக்கிரவாண்டி தாண்டி, முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வாசலில் இறங்கினோம். எங்களுக்கு முன்னால் இருமும் குழந்தையோடு ஒரு பெண், பின்னால் காலில் கட்டுப்போட்ட ஒருவர். சித்தி முந்தானையால் பாதி முகத்தை மறைத்துக்கொண்டு, “தெரிஞ்சவங்க யாராச்சும் பாத்துட்டா என்னப்பா பண்றது?” என்று என் காதோடு கேட்டார். சீட்டு எழுதியவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பெயர், வயது, ஊர் எழுதி, போக வேண்டிய அறையைச் சொல்லி, “அடுத்தது” என்றார். இருமலுக்கு என்ன சீட்டோ அதே சீட்டு.

அந்த அலட்சியம் எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. என் சிறு வயதில் எங்கள் பக்கத்தில் இப்படி ஒருவருக்கு வந்தால் ‘கீழ்ப்பாக்கம்’ என்ற ஒரே பேச்சுதான். சினிமாவும் அதை வசவாகவே பழக்கி வைத்திருந்தது. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் இரும்புக் கதவிலிருந்து இந்த வரிசைக்கு மனநோய் எப்படி வந்து சேர்ந்தது, யார் கொண்டுவந்தது? அதைத் தேடத் தொடங்கினேன்.

முதல் நுனி அன்றைக்கே கிடைத்தது. டாக்டர் பையனிடம் தனியாகப் பேசினார், அப்புறம் சித்தியிடம். தூக்கம், சாப்பாடு, குடிப்பழக்கம், குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா, சாக வேண்டும் என்று எப்போதாவது சொன்னானா, இப்போது வேறு என்ன மருந்து சாப்பிடுகிறான் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். “செய்வினைன்னு நினைக்கிறீங்களாம்மா?” என்று அவர் கேட்டதில் கேலி இல்லை. ரத்தப் பரிசோதனை எழுதினார். ராத்திரிக்கு ஒரு மாத்திரை. அதனால் கை கால் விறைத்துக்கொண்டால் அதற்கு இன்னொன்று. “கொஞ்சம் அசதியா இருக்கும், வாய் உலரும். பயந்துக்கிட்டு நிறுத்திடாதீங்க, வந்து சொல்லுங்க, அளவ மாத்தலாம்” என்றார். வெளியே ஆலோசகரிடம் பேச்சுக் கொடுத்தேன். “மாவட்ட மனநலத் திட்டம்னு ஒண்ணு வந்துதாங்க இந்த மாத்திரையெல்லாம் ஊர்ப்பக்கம் வந்துச்சு. நம்ம மாநிலத்துல அது திருச்சியிலதான் ஆரம்பம்” என்றார்.

அவர் சொன்னது சரிதான். மத்திய அரசு 1996இல் இந்தத் திட்டத்தை நாடு முழுவதிலும் நான்கே மாவட்டங்களில் தொடங்கியது. அதில் ஒன்று திருச்சி. ஆனால் திட்டம் அங்கே பிறக்கவில்லை. திருச்சிக்கு முன்மாதிரி கர்நாடகத்தின் பெல்லாரி. 1980களில் பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் அங்கே ஒரு மாவட்டம் முழுவதையும் எடுத்துச் செய்து பார்த்தது. ஆரம்ப சுகாதார நிலைய டாக்டருக்கும் களப்பணியாளர்களுக்கும் குறுகிய காலப் பயிற்சி, கைவிரலில் எண்ணிவிடக்கூடிய சில மருந்துகள், எளிய பதிவேடு, சிக்கலான நோயாளிகளுக்கு மட்டும் மாவட்டத் தலைநகரில் மனநல மருத்துவர். இவ்வளவுதான் சூத்திரம்.

பெல்லாரிக்கும் ஒரு வேர் இருந்தது. 1974இல் அடிஸ் அபாபாவில் கூடிய உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு, ஏழை நாடுகள் பெரிய மனநல மருத்துவமனைகளை நம்பிக்கொண்டிருக்க முடியாது, சாதாரண சுகாதாரப் பணியாளர்கள் வழியாகத்தான் சிகிச்சை போய்ச்சேர வேண்டும் என்றது. விரைவிலேயே இந்தியாவில் இரண்டு இடங்களில் சோதனை தொடங்கியது. ஹரியானாவின் ராய்ப்பூர் ராணியில் சண்டிகர் மருத்துவர்கள். பெங்களூருக்குப் பக்கத்தில் சக்கலவாராவில் நிம்ஹான்ஸ். இந்த அனுபவங்களின் மேல் நின்றுதான் 1982இல் தேசிய மனநலத் திட்டம் வந்தது. ஊர்ச் செவிலியர் சித்திக்கு வழிகாட்டினாரே, அந்தக் காட்சி அரை நூற்றாண்டுக்கு முன்பே காகிதத்தில் எழுதப்பட்டுவிட்டது.

இன்னும் பின்னால் போனால் சென்னை. 1794இல் வாலண்டைன் கொனொலி என்ற கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் புரசைவாக்கத்தில் பைத்தியக்கார விடுதி ஒன்றைத் தொடங்கினார். 1871இல் அது கீழ்ப்பாக்கத்தில் லோகாக் தோட்டத்துக்கு மாறியது. அடைத்து வைப்பதுதான் அப்போது வைத்தியம். 1950களில் இரண்டு மாற்றங்கள் நடந்தன. ஒன்று, 1952இல் பாரிஸில் குளோர்ப்ரோமசின் என்ற மருந்து மனநோய்க்குப் பயன்படத் தொடங்கியது. சங்கிலி கட்டாமலே ஒருவரை அமைதிப்படுத்தி வீட்டுக்கு அனுப்ப முடியும் என்று ஆனது. இன்னொன்று அமிர்தசரஸில். டாக்டர் வித்யாசாகர் மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரம் அடித்து, நோயாளியோடு குடும்பத்தையும் தங்கவைத்தார். வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையத்திலும் உறவினர் கூடவே தங்குவது வழக்கமாயிற்று. “வீட்ல ஒருத்தர் கூட வாங்க” என்று இன்றைக்கும் டாக்டர் சொல்வதற்கு அங்கே இருக்கிறது மூலம்.

கீழ்ப்பாக்கத்தை உள்ளேயிருந்து மாற்றியவர் டாக்டர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர். 1961 முதல் 1978 வரை அங்கே கண்காணிப்பாளர். அடைப்பிடமாக இருந்ததைச் சிகிச்சையும் மறுவாழ்வும் தரும் இடமாக்கப் பாடுபட்டவர். ஓய்வுக்குப் பிறகும் ஓயாமல் 1984இல் ‘ஸ்கார்ஃப்’ அமைப்பைத் தொடங்கினார். மருந்து கொடுத்ததோடு வேலை முடியவில்லை. வேலைவாய்ப்பு, குடும்பத்துக்குத் தைரியம் எல்லாம் சேர்ந்ததுதான் வைத்தியம் என்பது அவர் கட்சி.

ஆனால் இந்தக் கதையில் வேகம் கூடியது ஒரு கொடுமையால். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகக் கொட்டகை ஒன்று தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் செத்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. காப்பகங்கள் மூடப்பட்டன. அந்த 28 பேரும் யாரோ ஒரு சித்தி, யாரோ ஓர் அண்ணன், பக்கத்தில் வேறு வைத்தியம் இல்லாமல், தர்காவை நம்பிக் கொண்டுபோய் விட்டவர்கள்தான். எங்கள் மாவட்டத்துக்கும் இது பழங்கதை இல்லை. 2023 பிப்ரவரியில் விக்கிரவாண்டிப் பக்கம் குண்டலப்புலியூரில், உரிமம் இல்லாமல் நடந்த காப்பகம் ஒன்றிலிருந்து மனநலம் குன்றியவர்களையும் ஆதரவற்றவர்களையும் அதிகாரிகள் மீட்டார்கள். அது முண்டியம்பாக்கம் மருத்துவமனையிலிருந்து அதிக தூரமில்லை.

இதற்காகக் கோயிலையோ தர்காவையோ குறை சொல்ல எனக்கு மனமில்லை. நிம்ஹான்ஸின் ரகுராமும் அவர் குழுவினரும் தென்னிந்தியக் கோயில் ஒன்றில் தங்கியிருந்த 31 மனநோயாளிகளை ஆராய்ந்து, 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். சராசரியாக ஆறு வாரம் தங்கியதிலேயே நோய்க்குறிகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தன. காரணம் என்று அவர்கள் கருதியது, அடிக்காத, துரத்தாத, ஆதரவான சூழலை. மலையேறிக் கும்பிடுவதால் கெடுதல் இல்லை. சங்கிலியும் அடியும் தள்ளிப்போட்ட மாதங்களும்தான் கெடுதல். மனநோய்க்குச் சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது.

2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பாதுகாப்புச் சட்டம், கதையின் இப்போதைய அத்தியாயம். அரசு நடத்தும் அல்லது அரசு நிதியில் நடக்கும் மனநலச் சேவையைப் பெறுவது இப்போது சட்டப்படி உரிமை. எந்த விதத்திலும் சங்கிலி போடுவது தடை. நோயாளியின் விவரத்தை ரகசியமாகக் காக்க வேண்டும். சொந்த மாவட்டத்தில் குறைந்தபட்சச் சேவைகூட இல்லையென்றால், அதே மாவட்டத்தில் வேறு இடத்தில் சிகிச்சை பெற்று, செலவை அரசிடம் கேட்கலாம். இந்த வரிகளை இங்கே பாதிப் பேர் படித்ததில்லை. 2015-16 தேசிய மனநல ஆய்வு, நோய்க்குத் தக்கபடி 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சையே பெறவில்லை என்று சொன்னது. அந்த ஆய்வு நடந்த 12 மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று.

சித்தி மகன் இப்போது தூங்குகிறான். சந்தேகம் முழுதாகப் போய்விடவில்லை. மருந்து தொடர்கிறது. மாத்திரை வாங்கும் நாளில் சித்தி முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்வதில்லை.

வாசகருக்கு ஒரு வார்த்தை. வீட்டில் யாருக்காவது தூக்கம் கெட்டு, பேச்சு மாறி, உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் வந்தால் நாள் பார்க்க வேண்டாம். பக்கத்து அரசு மருத்துவமனையில் சீட்டு வாங்குங்கள். பழைய மருந்துச் சீட்டு இருந்தால் எடுத்துப் போங்கள். கூட இருந்து பார்த்தவர் ஒருவர் போகட்டும். உடனே போக முடியாவிட்டால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்; தமிழிலேயே பேசுவார்கள், கட்டணம் கிடையாது.