நைட் டியூட்டி முடித்து வரும் மருமகள்



அக்குறணையிலும் மடவளையிலும் கட்டுகஸ்தோட்டையிலும் டாக்டர் மகளையோ, மிஸி மகளையோ கொண்ட வீடுகள் கூடி வருகின்றன. அல்ஹம்துலில்லாஹ். உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்ததும் அக்கம்பக்கத்துக்கு வட்டிலப்பம் பங்கிடுகிறோம். நம் பெண்களைப் பார்க்கப் பெண் டாக்டர்கள் வேண்டும் என்று மிம்பரில் ஏறி நாங்களே சொல்லி வந்திருக்கிறோம். மெத்தச் சரி. ஆனால் அந்தப் பிள்ளை வேலைக்குப் போன பிறகு அவள் உடலும் உள்ளமும் என்ன பாடுபடுகின்றன என்று எத்தனை பேர் விசாரிக்கிறோம்?

என் தங்கச்சி அரசாங்க வைத்தியசாலை ஒன்றில் தாதியாக இருக்கிறாள். காலை ஏழிலிருந்து ஒன்று வரை ஒரு டியூட்டி. ஒன்றிலிருந்து மாலை ஏழு வரை மற்றொன்று. இரவு என்றால் ஏழுக்கு ஏழு, பன்னிரண்டு மணி நேரம்! அடுத்த டியூட்டிக்கு வர வேண்டியவர் வராவிட்டால், போக வேண்டியவரே நிற்க வேண்டும். சில இரவுகளில் நாற்பதுக்கு மேற்பட்ட நோயாளிகளுக்கு இரண்டே பேர். இதில் ஒருவர் சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு நோயாளியைக் கொண்டு போய்விட்டால் மிச்சம் யார் என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

ஒரு நாள் அவள் சொன்னாள்: "நானா, முந்தி வாட்டுல ஒருத்தர் மௌத்தானா ஊட்டுக்கு வந்தும் அழுவன். இப்ப அடுத்த கட்டிலுக்கு ஊசி போட நேரம் பிந்துதே எண்டுதான் மனசு போகுது. எனக்கே என்னப் பாத்தா பயமா ஈக்கிது."

கல் நெஞ்சம் வந்துவிட்டதோ என்று அவள் பயந்தாள். ஆனால் அவளுக்கு வந்திருப்பதற்குப் பெயர் உண்டு. 1974இல் நியூயோர்க்கில் இலவச மருத்துவ நிலையமொன்றில் பணியாற்றிய ஹேர்பேர்ட் பிராய்டன்பேர்கர் என்ற உளவியலாளர், பிறருக்காக ஓடியோடி உழைத்தவர்கள் தாமே எரிந்து தீர்ந்து போவதைக் கண்டு 'பேர்ன் அவுட்' என்று எழுதினார். உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதற்கு மூன்று அடையாளங்களைக் கூறியது. சக்தி வற்றிப் போதல், செய்யும் வேலையிலிருந்து மனம் விலகிக் கசத்தல், வேலையில் திறன் குறைந்து போதல். இது ஒரு நோயல்ல, நிர்வகிக்கப்படாத வேலைப்பளுவின் விளைவு என்றும் அது சொன்னது. ஆகவே, "தைரியமில்லாத பொம்புள, ஈமான் குறைஞ்சவ" என்றெல்லாம் யாரும் வாய் திறக்க வேண்டாம்.

நம் நாட்டில் இந்தப் பளு 2022க்குப் பிறகு இன்னும் கூடிவிட்டது. அந்த வருடம் மார்ச் கடைசியில் பேராதனைப் போதனா வைத்தியசாலையில் மருந்துத் தட்டுப்பாட்டால், முன்கூட்டித் திகதி கொடுக்கப்பட்ட சத்திரசிகிச்சைகள் நிறுத்தப்பட்டதை நாம் மறக்க முடியுமா? 1980இல் திறக்கப்பட்ட அந்த ஆஸ்பத்திரிக்கா இந்த நிலை என்று கண்டி முழுவதும் பேசியது. நோயாளியிடம் "மருந்து இல்லை" என்று சொல்லும் கஷ்டம் அமைச்சருக்கு வரவில்லை. வாட்டில் நின்ற டாக்டருக்கும் மிஸிக்குமே வந்தது. பிறகு பெற்றோல் வரிசை. பிறகு வரியும் விலைவாசியும். அதே 2022 ஜூனில் அரச ஊழியர்கள் ஐந்து வருடம் வரை சம்பளமில்லாத லீவில் வெளிநாடு போகலாம் என்று சுற்றறிக்கை வந்தது. டாக்டர்களும் தாதியரும் பெருந்தொகையாக நாட்டை விட்டுப் போனார்கள். போனவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் பங்கு வேலை மட்டும் விமானம் ஏறவில்லை, இங்கே இருந்தவர்களின் தலையில் இறங்கியது.

2025 வரவு செலவுத் திட்டத்தில் அடிப்படைச் சம்பளத்தைக் கூட்டியபோது மேலதிக நேரக் கொடுப்பனவைக் கணிக்கும் முறையையும் மாற்றினார்கள். மார்ச்சில் சுகாதாரத் தொழிற்சங்கங்கள் அடையாள வேலைநிறுத்தத்தில் இறங்கின. "சம்பளம் கூட்டியும் போதாதா?" என்று நம்மவர்கள் முணுமுணுத்தார்கள். மிஸிமார் பலருக்குப் பிள்ளைகளின் டியூஷன் காசும் வீட்டுக் கடனும் அந்த ஓ.டி.யில்தான் ஓடுகின்றன. ஓ.டி. இல்லாவிட்டால் காசில்லை, ஓ.டி. செய்தால் தூக்கமில்லை!

தூக்கமின்மையைச் சிறிய விஷயமாக நினைக்காதீர்கள். 24 மணி நேரம் விழித்திருப்பவரின் தடுமாற்றம், இரத்தத்தில் 0.10 சதவீதம் மதுசாரம் உள்ளவரின் தடுமாற்றத்துக்குச் சமம் என்று 1997இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். பல நாடுகளில் வாகனம் ஓட்ட அனுமதிக்கப்படும் அளவை விட இது அதிகம். குடித்தவனின் பஸ்ஸில் ஏற மாட்டோம். ஆனால் பகல் முழுக்க வேலை செய்து, இரவு அழைப்புக்கும் எழுந்து, மறுநாள் காலையும் வாட்டில் நிற்கும் பயிற்சி டாக்டரிடம் நம் உம்மாவை ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறோம். அமெரிக்காவில் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் செய்த ஓர் ஆய்வு 2004இல் வெளிவந்தது. நீண்ட வேலைநேரம் குறைக்கப்பட்டபோது செய்த தவறுகளை விட, 24 மணி நேரமும் அதற்கு மேலும் தொடர்ந்து நின்றபோது பயிற்சி டாக்டர்கள் செய்த பாரதூரமான தவறுகள் ஏறக்குறைய 36 சதவீதம் கூடுதல்! ஐரோப்பாவில் வாரத்துக்குச் சராசரி 48 மணி நேரம் என்று சட்டமே போட்டிருக்கிறார்கள்.

சட்டத்தையும் ஆளணியையும் அரசாங்கம் பார்க்கட்டும். வீட்டுக்குள் நடப்பதை நாம் பார்ப்போமே.

குடும்பப் பிணக்கு என்று என்னிடம் வருபவர்களில் அண்மைக் காலமாக இந்த வழக்கும் உண்டு. "மருமகள் ஒன்பது மணிக்கு வந்து படுத்தா அஸருக்குத்தான் எழும்புறா" என்பது மாமியின் முறைப்பாடு. இரவு முழுக்க நின்ற கால்கள் என்பது அவருக்குத் தெரியாமலில்லை, ஆனால் பகலில் பெண் படுத்திருப்பதைக் கண் ஏற்க மறுக்கிறது. மகன் நைட் டியூட்டி முடித்து வந்து படுத்தால் அதே மாமி, "சத்தம் போடாதீங்க" என்று பிள்ளைகளை அதட்டுவார்! ரமழானில் இன்னும் மோசம். இரவு டியூட்டி முடித்து நோன்போடு வந்தவள், பின்நேரம் கஞ்சி காய்ச்சவும் சமூசா பொரிக்கவும் வேண்டும்.

ஸல்மான் (ரலி) அவர்கள் அபூதர்தா (ரலி) அவர்களின் வீட்டுக்குப் போன சம்பவம் புகாரியில் இருக்கிறது. அங்கே அவர் முதலில் கவனித்தது அந்த வீட்டுப் பெண்ணின் வாடிய தோற்றத்தை. பிறகுதான் பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்த தோழரைத் தூங்கச் சொன்னார். உடலுக்கும் குடும்பத்துக்கும் உரிமை உண்டு என்ற அவருடைய வார்த்தையை நபி (ஸல்) அவர்கள் உண்மை என்று ஒப்புக்கொண்டார்கள். வணக்கத்துக்கே எல்லை இருக்கும்போது ஓ.டி.க்கு இல்லையா?

இன்னொன்று. நோய் விசாரிப்பது ஸுன்னத்து. அதற்காக ஒரு வேன் நிறைய ஆட்களும் மூன்று அடுக்குச் சாப்பாட்டுக் கெரியருமாகப் போய், பார்வை நேரம் முடிந்த பிறகும் கட்டிலைச் சுற்றி நின்று, போகச் சொல்லும் மிஸியோடு சண்டை பிடிப்பது எந்தக் கிதாபில் இருக்கிறது? இரண்டு பேர் போங்கள். ஸலாம் சொல்லி, துஆச் செய்துவிட்டு வாருங்கள். ஐந்து நிமிடம் போதும்.

தங்கச்சி வீட்டில் இப்போது ஓர் ஒழுங்கு செய்திருக்கிறார்கள். டியூட்டி அட்டவணை குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டப்பட்டிருக்கிறது. இரவு டியூட்டிக்கு மறுநாள் அவளுடைய போன் மாமியின் கையில், சின்னவனும் மாமியோடுதான். அறையின் ஜன்னலுக்குத் தடித்த திரை போட்டிருக்கிறார்கள். பகல் சமையல் மச்சானுடையது. சோறு நன்றாக ஆக்குகிறார். கறிதான் இன்னும் சரிவரவில்லை.