கொழும்புல ஆச்சி சொன்னா சரிதான்!

ஆலங்குளம்னு சொன்னதும் 'தென்காசி பக்கமா?'னுதானே கேட்கப் போறீங்க? அதான் இல்லை! எங்க ஆலங்குளம் ராஜபாளையத்துக்குப் பக்கத்துல, விருதுநகர் மாவட்டத்துல இருக்கு. தமிழ்நாடு சிமெண்ட்ஸ் ஆலை இருக்கே, அதே ஊர்தான். எங்க ஊர்ல கடல் கிடையாது. கடலைப் பார்க்கணும்னா தூத்துக்குடிக்கோ திருச்செந்தூருக்கோ பஸ் ஏறணும்.

இந்த ஊரிலிருந்து ஒரு ஜோடி ஃபாரின் டூர் கிளம்பியது. கடற்கரை நகரம், நாலு நாள் விடுமுறை. ஹனிமூன் ஜோடின்னு நினைச்சா ஏமாந்துடுவீங்க. மாப்பிள்ளைக்கு வயசு 72, பொண்ணுக்கு 68. எங்க தாத்தாவும் ஆச்சியும்தான்! கூடவே சிவில் மூணாவது வருஷம் படிக்கிற நான். என் பதவி: லக்கேஜ் தூக்குதல் மற்றும் கூகுள் மேப்ஸ் இயக்குதல்.

ஊர்: கொழும்பு. காலம்: 2025 ஜனவரி, பொங்கல் லீவு.

'கொழும்பெல்லாம் ஒரு ஃபாரினா?'னு உதட்டைப் பிதுக்காதீங்க பாஸ். ஆலங்குளத்திலிருந்து காக்கா பறக்கிற கணக்குல சென்னை சுமார் 500 கிலோமீட்டர். கொழும்பு சுமார் 350தான். மதுரையில ஃப்ளைட் ஏறினா ஒரு மணி நேரத்துல இறங்கிடலாம். ஆனா எங்க ஆச்சிக்கு இந்த ஒரு மணி நேரம் வர்றதுக்கு 54 வருஷம் ஆச்சு.

ஒரு வாக்குறுதியின் வரலாறு

ஆச்சி பிறந்தது இலங்கையில, ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல. நம்ம தென்மாவட்டங்கள்ல இருந்து கொழுந்து பறிக்கப் போன குடும்பங்கள்ல அவங்க குடும்பமும் ஒண்ணு. சுதந்திரம் வந்த கையோட 1948-ல இலங்கை ஒரு குடியுரிமைச் சட்டம் போட்டது. தோட்டத்துத் தமிழர்கள்ல பெரும்பாலானவங்க எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவங்க ஆகிட்டாங்க. அப்புறம் 1964-ல சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டாங்க. மொத்தம் 9,75,000 பேர். அதுல 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சப் பேரை அப்புறம் பார்த்துக்கலாம்! நாம செமஸ்டர்ல லேப் பேட்ச் பிரிக்கிற மாதிரி மனுஷங்களைப் பிரிச்சிருக்காங்க.

1971-ல ஆச்சி குடும்பத்துக்கு டர்ன் வந்தது. மலையிலிருந்து ரயில்ல தலைமன்னார், அங்கிருந்து கப்பல்ல ராமேஸ்வரம், அப்புறம் மண்டபம் முகாம். ஆச்சிக்கு அப்போ 14 வயசு. கொழும்பை அவங்க பார்த்ததே இல்லை.

1976-ல தாத்தாவோட கல்யாணம். தாத்தா சிமெண்ட் ஆலை ஊழியர். 'ஒருநாள் உன்னைய அங்க கூட்டிட்டுப் போறேன்'னு அப்போ சொன்னாராம். 1983-ல அங்க கலவரம், அப்புறம் 2009 வரைக்கும் போர். 2011-ல தாத்தா ரிட்டயர் ஆனார். அத்தை கல்யாணம், வீட்டுக் கடன், ஆச்சி முழங்கால்னு வருஷம் ஓடிப்போச்சு. 2019-ல ஈஸ்டர் குண்டுவெடிப்பு, அடுத்து கொரோனா, 2022-ல அங்க பெட்ரோலுக்கே க்யூ. வாக்குறுதி பெண்டிங்ல கிடந்தது, நம்ம அரியர் பேப்பர் மாதிரி.

முதல் நாள்: தாத்தா தர்பார்

எங்க வீட்டுல தாத்தா வச்சதுதான் சட்டம். பஸ் டிக்கெட்டுல இருந்து பேங்க் செலான் வரைக்கும் அவர்தான். ஆச்சி தனியா ராஜபாளையம் போய் நான் பார்த்ததில்லை. கொழும்புலயும் அப்படித்தான் ஆரம்பிச்சது. மூணு பாஸ்போர்ட்டும் அவர் கக்கத்துல இருந்த மஞ்சள் ஃபைல்ல. கட்டுநாயக்க ஏர்போர்ட்ல இறங்கினதும் வாட்சைத் திருப்பி வைக்கப் போனார். 'வேண்டாம் தாத்தா, 2006-ல இருந்து இங்கேயும் நம்ம டைம்தான்'னேன். அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

ரூம் வெள்ளவத்தையில. தமிழ்க் கடைகள் நிறைஞ்ச ஏரியா. போர்டுகள்ல சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூணும் இருக்கும். ரிசப்ஷன்ல இருந்த சிங்களத் தம்பிகிட்ட 'இவர் எங்க தாத்தா'ன்னு அறிமுகப்படுத்தினேன். அவன் என்னையும் பார்த்தான், 72 வயசுக்காரரையும் பார்த்தான். ஆச்சி குபீர்னு சிரிச்சாங்க. சிங்களத்துல 'தாத்தா'ன்னா அப்பாவாம்! நம்ம தாத்தாவுக்கு அங்க பேர் 'ஸீயா'. ஆனா பாட்டிக்கு? அங்கேயும் 'ஆச்சி'தான்! அந்த நிமிஷத்துலயே எனக்குப் புரிஞ்சிருக்கணும், இந்த ஊர்ல யார் கொடி பறக்கப் போகுதுன்னு.

சாயங்காலம் கடலோரம் நடந்தோம். அலைக்கும் ரோட்டுக்கும் நடுவுல ரயில் தண்டவாளம். ஆபீஸ் முடிஞ்ச கூட்டம் ரயில் கதவுல தொங்கிட்டுப் போகுது, கீழே பாறையில கடல் அடிக்குது. தாத்தா 'இந்தப் பக்கம் குறுக்கு வழி இருக்கு'ன்னு கூட்டிட்டுப் போய் ஒரு முட்டுச்சந்துல நிறுத்தினார். ஆச்சி ஒண்ணும் சொல்லலை.

ரெண்டாம் நாள்: ஆட்சி மாற்றம்!

புறக்கோட்டை. மதுரை விளக்குத்தூண் ஏரியாவையும் சென்னை ரங்கநாதன் தெருவையும் ஒண்ணாப் போட்டுக் குலுக்கினா இதுதான். குறுக்குத் தெருக்களுக்கு ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர்தான் பேர். ரெண்டாம் குறுக்குத் தெருவுல சிவப்பும் வெள்ளையும் கோடு போட்ட மாதிரி ஒரு பள்ளிவாசல், 1909 வாக்குல கட்டி முடிச்சது. சிவில் மக்களே, அந்தச் செங்கல் வேலையைப் பார்க்கிறதுக்கே ஒரு தடவை போகலாம்.

ஒரு கடையில தாத்தா சாரம் விலை கேட்டார் (நம்ம கைலிதான், அங்க சாரம்). கடைக்காரர் 1,200 ரூபாய்னார். அவங்க ரூபாய்தான், நம்ம ஒரு ரூபாய் அங்க மூணுக்கு மேல. தாத்தா தமிழ்ல பேரம் பேசினார், இங்கிலீஷ்ல பேசினார், கடைசியில கையால பேசினார். அஞ்சு பைசா இறங்கலை.

பின்னாலிருந்து ஒரு குரல். 'கீயத?'

திரும்பினா ஆச்சி! 'எவ்வளவு'ன்னு கேட்கிறாங்க, சிங்களத்துல. 'கொடக் வெடியி... அடு கரன்ன.' ரொம்ப அதிகம், குறைச்சுக்கோங்கன்னு அர்த்தமாம். 54 வருஷமா வாயில வராத பாஷை. சின்ன வயசுல தோட்டத்துக்குக் காய்கறி கொண்டு வந்த சிங்களக் கிழவிகிட்டக் கத்துக்கிட்டதாம். கடைக்காரர் சிரிச்சுட்டு 'ஹரி, ஆச்சி'ன்னார். 850 ரூபாய்க்கு முடிஞ்சது.

தாத்தா சாரத்தை வாங்கிப் பைக்குள்ள வச்சார். அப்புறம் என்னைப் பார்த்து மெதுவா, 'எங்கிட்ட ஒரு நாளும் சொன்னதே இல்லையேடா'ன்னார். ஆச்சி காதுல விழுந்துடுச்சு. 'நீங்க கேட்டதில்லையே'ன்னாங்க. கோபமாச் சொல்லலை, ஆனா தாத்தா அதுக்கப்புறம் ரெண்டு தெரு பேசவே இல்லை.

அங்கிருந்து கொச்சிக்கடை. குண்டுவெடிப்புல அடிபட்ட அந்தோணியார் கோயில் இங்கதான். கொஞ்ச நேரம் நின்னோம். எல்லா மதத்துக்காரங்களும் மெழுகுவத்தி ஏத்துறாங்க. கொஞ்ச தூரத்துல பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில். சர் பொன்னம்பலம் ராமநாதன் இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்துல கருங்கல்லால எழுப்பினது. தாத்தா தூணைத் தட்டிப் பார்த்து, 'நம்ம சரக்கே இல்லாமக் கட்டியிருக்கான்'னார். சிமெண்ட் ஆலைக்காரர் கவலை அவருக்கு!

மூணு பேரும் ரோடு கிராஸ் பண்ணினப்போ ஒண்ணு கவனிச்சேன். முன்னால ஆச்சி, பின்னால தாத்தா. எங்க ஊர்ல இது எப்பவும் தலைகீழ்.

காலிமுகத்திடல்

அன்னைக்குச் சாயங்காலம் காலிமுகத்திடல். 1859-ல கவர்னர் ஹென்றி வார்டு உண்டாக்கின கடற்கரை நடைபாதை. பட்டம், இஸ்ஸோ வடை (பருப்பு வடை மேல முழு இறால், செம!), குடைக்குள்ள காதல் ஜோடிகள்... மெரினா ஃபீலிங். 2022 ஏப்ரல்ல இந்த இடத்துலதான் இளைஞர்கள் கூடாரம் போட்டு உட்கார்ந்தாங்க. நம்ம வயசுக்காரங்கதான் பாதி. ஜூலையில ஜனாதிபதி கோத்தபய நாட்டை விட்டே போக வேண்டியதாச்சு. வலது பக்கம் துறைமுக நகரம், கடல் மணலை அள்ளிக் கொட்டி உருவாக்கின 269 ஹெக்டேர் நிலம். நான் அதைப் பத்தி தாத்தாவுக்கு லெக்சர் எடுத்துட்டு இருந்தேன். ஆச்சி கவனிக்கலை. கடலைப் பார்த்துட்டு இருந்தாங்க.

'ஏங்க, இங்கிருந்து நம்ம ஊரு எந்தப் பக்கம்?'

தாத்தா என் போனை வாங்கி காம்பஸ் பார்த்து, வடமேற்குல கையைக் காட்டினார். ஆச்சி அந்தப் பக்கமே கொஞ்ச நேரம் பார்த்தாங்க.

'கப்பல்ல வந்தப்போ எங்கப்பாவும் இப்படித்தான் கேட்டாரு, நம்ம ஊரு எந்தப் பக்கம்னு. அவரு கேட்டது ஹட்டனை. அங்கே இருந்தவரைக்கும் எங்களுக்கு இந்தியாக்காரங்கன்னு பேரு. இந்தியா வந்தா சிலோன்காரங்கன்னு பேரு. ஆலங்குளத்துல நான் இன்னிக்கும் சிலோன்காரம்மாதான?'

எங்க தெருவுல ஆச்சியை அப்படித்தான் கூப்பிடுவாங்க. நானே சின்ன வயசுல விளையாட்டாக் கூப்பிட்டிருக்கேன். அதைப் பட்டப்பேர்னு நினைச்சேன், வலிக்கும்னு தெரியாது. எனக்குப் பதில் வரலை. தாத்தா மஞ்சள் ஃபைலைத் திறந்து ஆச்சியோட பாஸ்போர்ட்டை எடுத்து, அவங்க கையில கொடுத்தார். 'இது உங்கிட்டயே இருக்கட்டும்'னார். பிறந்த இடம் ஹட்டன்னு போட்டிருக்கிற பாஸ்போர்ட். அதுக்காக ஆச்சி அந்தக் காலத்துக் குடும்ப அட்டையை டிரங்குப் பெட்டியிலிருந்து தேடி எடுத்தது தனிக்கதை.

'நாளைக்கு மலைக்குப் போவமா, இல்ல இங்கேயே சுத்துவமா? நீ சொல்றதுதான்'னார் தாத்தா. ஆச்சி உடனே பதில் சொல்லலை. 'அங்க இப்ப யாரு இருப்பா? லயத்துல வேற யாரோ இருப்பாங்க'ன்னாங்க. இருட்டுற வரைக்கும் உட்கார்ந்திருந்தோம்.

மூணாம் நாள், விடியக்காலை

அஞ்சு மணிக்கு என்னை எழுப்பினது ஆச்சி. குளிச்சு, பூ வச்சு, ரெடி! கோட்டை ரயில் நிலையம். டிக்கெட் கவுண்டர்ல க்யூ. தாத்தா பழக்க தோஷத்துல முன்னால போனார். ரெண்டு அடி வச்சார், நின்னார், ஒதுங்கினார்.

ஆச்சி முந்தானையை இழுத்துச் செருகிட்டுக் கவுண்டர்கிட்டப் போனாங்க. சுருக்குப் பையிலிருந்து பணத்தை எடுத்து நீட்டினாங்க.

'ஹட்டன். துனக்.'

ஹட்டனுக்கு மூணு டிக்கெட். எனக்குத் தெரிஞ்சு ஆச்சி தன் கையால எடுத்த முதல் டிக்கெட்!

நீங்களும் கிளம்புறீங்களா?

* விசா விதிகள் அடிக்கடி மாறும். டிக்கெட் போடுறதுக்கு முன்னால அதிகாரபூர்வ இணையதளத்தைப் பாருங்க.
* ஆட்டோல ஏறும் முன்னாடி மீட்டரா, பேசின காசான்னு முடிவு பண்ணுங்க.
* மலைக்கு ரயில்ல போறவங்க, 2025 நவம்பர் டிட்வா புயல்ல அந்தப் பாதை பலமா சேதமாச்சு. ஓடுதான்னு விசாரிச்சுட்டுக் கிளம்புங்க.
* முக்கியமான டிப்ஸ்: உங்க வீட்டு ஆச்சிக்கு என்னென்ன பாஷை தெரியும்னு இன்னைக்கே கேட்டு வைங்க!