மருமகனின் சிவப்பு வண்டி



குடும்பப் பத்திரிகையின் பக்கத்தில் காரின் அடிப்பாகத்தைப் பற்றி எழுத வந்திருக்கிறானே இவன் என்று தாங்கள் முகம் சுளிக்க வேண்டா. வாலிபப் பிள்ளையும் பழைய காரும் சேர்ந்து வாழும் வீடுகள் நம்மிடையே இன்று பெருகிவிட்டன. அவ்வீட்டுத் தாய்மார்களும் இதனைப் படிக்கவேண்டும் என்பது என் விருப்பம். வண்டிக்குப் போகும் பணம் பெரும்பாலும் அவர்களுடைய அலமாரியிலிருந்துதானே புறப்படுகிறது!

நான் சவூதியின் தம்மாம் நகரில் 19 ஆண்டுகள் கார்ப் பட்டறையில் பணிபுரிந்து ஊர் திரும்பியவன். இப்போது உத்தரகோசமங்கையில் வசிக்கிறேன். மரகத நடராஜரால் உலகறிந்த ஊர் இது. மார்கழித் திருவாதிரைக்கு வந்து குவியும் வண்டிகளின் ஓசையைக் கேட்டே எதற்கு எந்த இடத்தில் நோய் என்று சொல்லிவிடுவேன். பழகிய காதின் குணம் அது.

என் தங்கையின் கணவருக்குச் சிறுநீரகம் செயலிழந்துவிட்டது. வாரம் இருமுறை இராமநாதபுரம் சென்று டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தொலைவு. பேருந்திலும் ஆட்டோவிலும் மச்சான் பட்ட பாட்டைக் கண்ட மருமகன், மூன்றாம் கையாக 2012 ஆம் ஆண்டின் பெட்ரோல் ஸ்விஃப்ட் ஒன்றை வாங்கி வந்தான். இரத்தச் சிவப்பு நிறம். 17 அங்குல அலாய் சக்கரங்கள். தரையோடு ஒட்டிப் பதுங்கிய தோற்றம்.

தகப்பனுக்காக வாங்கிய வண்டிதான். ஆயினும் பிள்ளையின் மனத்துக்குள் வேறொரு வண்டி ஓடிக்கொண்டிருந்தது. வெளிநாடுகளில் ஸ்விஃப்ட் ஸ்போர்ட் என்று ஒன்று விற்றார்கள்; அது நம் நாட்டுக்கு வரவில்லை. 2007 இல் இளையோர் உலக ராலிப் பட்டத்தை வென்ற சுவீடன் நாட்டு வீரர் ஓட்டியதும் ஸ்விஃப்ட்தான். “நம் வண்டியையும் அப்படி ஆக்கிவிடலாம், மாமா. சீட்டு எடுத்த பணம் அறுபதாயிரம் இருக்கிறது. காயில்ஓவர் ஒரு செட் எண்பத்தையாயிரம். மீதியை நீங்கள் கொடுங்கள்” என்று வந்து நின்றான். காயில்ஓவர் என்பது சுருளும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகி, திருகித் திருகி உயரத்தைக் கூட்டவும் குறைக்கவும் தக்க உறுப்பு. பந்தயக்காரர்களின் செல்லப்பிள்ளை.

பணத்தைப் பற்றிப் பிறகு பேசுவோம், முதலில் வண்டியைத் தூக்கு என்றேன்.

தூக்கிப் பார்த்தவுடன் எனக்கு வியர்த்துவிட்டது. நான்கு சுருள்களும் அறுக்கப்பட்டிருந்தன. அறுத்த முனையில் நெருப்பு பட்ட நீலக்கறை இருந்தது. கேஸ் வெல்டிங் வைத்து அறுத்திருக்கிறார்கள். முந்தைய உரிமையாளர் வண்டியைத் தாழ்த்தக் கண்ட மலிவான வழி அது. பின்பக்கச் சக்கரம் காற்றில் தொங்கியபோது சுருள் தன் இருக்கையில் நிற்காமல் ஆடியது. இவ்வண்டியில்தான் ஒரு நோயாளி வாரத்துக்கு நான்கு நடை போய்வந்துகொண்டிருந்தார்.

இந்த இடத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். தம்மாமில் நானும் இதே காரியத்தைச் செய்திருக்கிறேன். ஐம்பது ரியால் கூலிக்கு ஒரு வாலிபனின் காருக்கு ஒன்றரைச் சுற்று அறுத்துக் கொடுத்தேன். மூன்றாம் வாரம் அந்த வண்டி இழுவை வண்டியில் ஏறி வந்தது. மேடு ஏறிக் குதித்தபோது சுருள் இடம் பெயர்ந்து டயரைக் கிழித்திருந்தது. ஓட்டியவனுக்குக் கைமுறிவோடு போயிற்று. அவன் என்னைக் குறை சொல்லவுமில்லை. தான் கேட்டதைத்தானே செய்தார் என்றான். மருமகனுடைய வண்டியின் கீழே படுத்திருந்தபோது எனக்கு அவனுடைய முகம்தான் வந்தது.

சுருளை அறுத்தால் என்ன நேரிடுகிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையுடன் கேளுங்கள். சுருளின் நீட்சி சுமைக்கு ஏற்ப அமையும் என்னும் விதியை இராபர்ட் ஹூக் என்னும் ஆங்கிலேயர் 1678 இல் வெளியிட்டார். சுற்றுகள் குறையக் குறையச் சுருள் விறைப்பாகும். ஆறு சுற்று வேலை செய்யும் சுருளில் ஒன்றை அறுத்துவிட்டால் விறைப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். ஆனால் உயரம் அதைவிட வேகமாகக் குறைந்துவிடுகிறது. சக்கரம் மேலே வருவதற்கு இருந்த இடம் பாதியாகிறது. எஞ்சிய இடமும் தீர்ந்தால் பம்ப் ஸ்டாப் என்னும் ரப்பர்க் கட்டையில் போய் மோதும். மோதிய கணத்தில் அங்கே சஸ்பென்ஷன் என்று எதுவும் இல்லை, மாட்டுவண்டிதான். ஒவ்வொரு வேகத்தடையிலும் மச்சான் பல்லைக் கடித்துக்கொண்டு கதவின் பிடியைப் பற்றியதன் காரணம் இதுவே. நோயின் தளர்ச்சி என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

“தாழ்ந்திருந்தால் வளைவில் சாயாது அல்லவா?” என்று மருமகன் கேட்டான். நியாயமான கேள்வி. பந்தயக் கார்கள் தாழ்ந்தே இருக்கின்றன. ஆனால் ஸ்விஃப்ட்டின் முன்பக்கம் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் முறையில் அமைந்தது. ஏர்ல் மெக்ஃபெர்சன் என்னும் அமெரிக்கப் பொறியாளர் வகுத்து, 1950 இல் இங்கிலாந்தின் ஃபோர்டு கான்சல் காரில் வெளிவந்த எளிய ஏற்பாடு அது. செலவு குறைவு, இடமும் குறைவு. ஆகவே இன்று உலகின் சிறு கார்களில் பெரும்பாலானவை அதனையே தாங்கி ஓடுகின்றன. இம்முறையில் வண்டியை மிகத் தாழ்த்தினால் கீழே உள்ள லோயர் ஆர்ம் கிடைநிலையைத் தாண்டி மேல்நோக்கிச் சரிந்துவிடும். வண்டி எந்தப் புள்ளியைப் பற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, வண்டியின் பாரம் இறங்குவதைவிட அதிகமாக இறங்கிவிடும். நெம்புகோலின் கை நீண்டுவிடுகிறது. வளைவில் சாய்வதற்கான உந்துதல் கூடுகிறதேயன்றிக் குறைவதில்லை. அதை அடக்கச் சுருளை இன்னும் இறுக்க வேண்டும். பிறகு சாலை முழுவதும் முதுகில் ஏறும்.

கோயம்புத்தூரின் கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்னும் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கியவர். 1995 இல் விமான விபத்தில் மறைந்தார். அவர் உருவாக்கியவை தரையை உரசிக்கொண்டுதான் ஓடின. ஆனால் 1990 முதல் பந்தயம் நடக்கும் இருங்காட்டுக்கோட்டை ஓடுபாதையில் வேகத்தடை ஏது, ஆடு ஏது, அறுவடைக் காலத்தில் சாலையில் காயவைத்த முண்டு வற்றல் ஏது? லோட்டஸ் கார்களைப் படைத்த காலின் சாப்மன் தம் நாட்டுக் கரடுமுரடான சாலைகளை எண்ணி, 1962 இல் வந்த எலான் என்னும் விளையாட்டுக் காருக்கு மென்மையான சுருளையே கொடுத்தார். சக்கரம் தாராளமாக ஏறி இறங்கட்டும், அதன் துள்ளலை ஷாக் அப்சார்பர் அடக்கட்டும் என்பது அவர் வழி. வளைவுகளில் அந்தக் காரின் புகழ் இன்றளவும் மங்கவில்லை. முதுகுளத்தூர், கமுதிப் பக்கத்துக் கரிசல் மண் மழையில் ஊதி வெயிலில் வெடித்துச் சாலையை அலை அலையாக்கிவிடும். அங்கே போய்வருகிறவனுக்குச் சாப்மன் வழியே சரியான வழி. இதை நான் பிடிவாதமாகவே சொல்லுகிறேன்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52 ஆம் பிரிவு, தயாரிப்பாளர் வகுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 இல் இதனை உறுதிப்படுத்தியது. விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்.

மருமகன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், “காயில்ஓவர் வேண்டாம் என்றால் அறுபதாயிரத்தில் என்ன செய்யலாம்?” என்று கேட்டு வந்தான்.

முதலில் 17 அங்குலச் சக்கரங்களை விற்கச் சொன்னேன். அழுதுவிடுவான் போலிருந்தது. சுருளுக்குக் கீழே தொங்கும் பாரம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்குச் சக்கரம் பள்ளத்தைத் தொடர்ந்து ஏறி இறங்கும். கனத்த சக்கரத்தை எந்த ஷாக் அப்சார்பராலும் அடக்க இயலாது. மேலும் அந்த டயர்களின் பக்கவாட்டில் இருந்த நான்கு இலக்கத்தைக் காட்டினேன். 2315 என்றிருந்தது. 2015 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரத்தில் பிறந்தவை என்று பொருள். ரப்பர் கல்லாகியிருந்தது. கல்லான டயரின் மேல் இலட்ச ரூபாய் சஸ்பென்ஷனை வைத்தாலும் மழையில் அது வழுக்கும். சக்கரங்கள் 22,000 ரூபாய்க்குப் போயின. வண்டிக்கு உரிய 15 அங்குலச் சக்கரங்கள் பழையவை 10,000 ரூபாய்க்குக் கிடைத்தன. 185/65 அளவில் நான்கு புதிய டயர்களுக்கு 20,000 ஆயிற்று. ஆக, கையிலிருந்து போனது 8,000 மட்டுமே.

பிறகுதான் உட்புறம். பன்னிரண்டு ஆண்டுகள் கடந்த வண்டியில் புஷ் என்னும் ரப்பர் வளையங்கள் வெடித்திருக்கும், லிங்க் ராடு லொடலொடக்கும். புதிய ஷாக் அப்சார்பரின் பயனை இவை தின்றுவிடும். லோயர் ஆர்ம் இரண்டையும் பால் ஜாயிண்டோடு மாற்றினேன். ஸ்ட்ரட்டின் தலையிலுள்ள மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப், தூசி உறை ஆகியவற்றையும் விடவில்லை. அவற்றுக்கென்று பின்னொரு நாள் மீண்டும் எல்லாவற்றையும் அவிழ்ப்பது மடமை. ஷாக் அப்சார்பர்களை ஜோடியாகவே வாங்க வேண்டும். ஒன்றில் எண்ணெய் கசிந்தால் மற்றதற்கும் வயது அதேதான். முன்னும் பின்னும் நான்கும் 8,200 ரூபாய், வண்டிக்கு உரிய அளவில் வாயு நிரப்பியவை. தயாரிப்பாளர் அளவிலேயே புதுச் சுருள்கள் நான்கு 7,000. வண்டி தன் பழைய உயரத்துக்கு, தரையிலிருந்து 170 மில்லிமீட்டருக்கு, எழுந்து நின்றது. “லாரி மாதிரி இருக்கிறது, மாமா” என்றான்.

ஒரு எச்சரிக்கை. சுருளை அமுக்கும் கருவி இல்லாமல் ஸ்ட்ரட்டின் தலை நட்டை எவரும் கழற்றக்கூடாது. அமுங்கிய சுருள் விடுபட்டால் மனிதன் பிழைப்பது அரிது. வீட்டுப் பிள்ளைகள் காணொளி பார்த்து இதைச் செய்யத் துணிந்தால் தாய்மார்கள் தடுத்தே ஆகவேண்டும்.

வீல் அலைன்மெண்ட் கடைசியில். அலைன்மெண்ட் பார்த்துவிட்டு லோயர் ஆர்ம் மாற்றுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். 800 ரூபாயைக் கண்மாயில் எறிந்ததற்குச் சமம். என் கூலியைத் தவிர்த்து, பட்டறை வாடகை உட்பட மொத்தம் 35,100 ரூபாய்.

அந்த வாரமே இருவரும் பாம்பன் வரை ஓட்டிச் சென்றோம். 1988 இல் திறந்த அந்தச் சாலைப்பாலத்தில் இரும்பு இணைப்புகள் வரிசையாக வரும். பக்கவாட்டில் கடற்காற்று தள்ளும். சஸ்பென்ஷனைச் சோதிக்க எங்கள் மாவட்டத்தில் அதைவிடச் சிறந்த இடம் எனக்குத் தெரியாது. முன்பு ஒவ்வோர் இணைப்புக்கும் ஸ்டியரிங் உதறும். வண்டி இடம் விட்டு இடம் குதிக்கும். இப்போது தட், தட் என்ற ஓசை மட்டும் கேட்டது. திரும்பும் வழியில் ஒரு வளைவில் அவன் வழக்கத்தைவிடச் சற்று வேகமாகவே திருப்பினான். நான் ஒன்றும் சொல்லவில்லை. வண்டி சாய்ந்தது, சாய்ந்து, அங்கேயே நிலைத்து நின்று, சொன்ன இடத்துக்குப் போயிற்று. அவன் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்புக்கு நான் இரண்டு நாள் பேச்சற்றுக் கிடந்தது தகும்.

தனுஷ்கோடி அரிச்சல்முனைக்கு 2017 இல் சாலை வந்தபிறகு, எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அங்கே போகாமல் இருக்க முடிவதில்லை. போய்வந்தால் மறுநாளே நல்ல தண்ணீரால் வண்டியின் அடியைக் கழுவிவிட வேண்டும். சுருளின் கீழ் இருக்கையில் உப்பும் மணலும் தேங்கிப் பூச்சை அரித்து, ஒரு நாள் சுருள் அங்கேயே ஒடியும். புதுச் சுருளும் இதற்கு விலக்கன்று.

எஞ்சிய 24,900 ரூபாயைப் பற்றி எங்களுக்குள் வழக்கு இன்னும் தீரவில்லை. சற்றே தாழ்த்தும் சுருள்கள் வாங்கலாம் என்கிறான் அவன். முன் பிரேக் டிஸ்க்குகளைப் பார்க்கலாம் என்கிறேன் நான். அவனுடைய உம்மா அந்தப் பணத்தைக் கேட்காமலேயே எடுத்து மருந்துச் செலவுக்கென்று முடிந்து வைத்திருப்பது இருவருக்கும் தெரியும்.

சென்ற செவ்வாய்க்கிழமை டயாலிசிஸ் முடிந்து மச்சானை அழைத்து வரும்போது நானும் பின்னிருக்கையில் இருந்தேன். திருப்புல்லாணியைத் தாண்டியதும் அவர் உறங்கிவிட்டார். ஊர் எல்லை வேகத்தடையில் மருமகன் கண்ணாடி வழியே தகப்பனைப் பார்த்தபடி வண்டியை ஏற்றி இறக்கினான். அவர் விழிக்கவில்லை.