கரை வழி கேட்ட தம்பிக்கு

ரெண்டு மாசமா ஒரு கேள்விக்குப் பதில் எழுதாம தள்ளிப் போட்டுக்கிட்டே வர்றேன். சென்னையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். "அண்ணா, நாங்க நாலு பேரு. லீவு கிடைச்சா சைக்கிள்ல ஊர் சுத்துற ஆளுங்க. திருச்சிப் பக்கம் லாரி, பஸ் தொல்லை இல்லாம, ஆத்தோரமாவே போற மாதிரி வழி இருக்கா?"

இருக்கு. நான் தினமும் வயலுக்குப் போறதே அதுலதான். ஆனாலும் எழுத மனசு வரல. காரணத்த முதல்ல சொல்லிடறேன்.

ரெண்டு வருஷம் முன்னாடி இதே பக்கத்துல கொள்ளிடக் கரையைப் பத்தி ஒரு பதிவு போட்டேன். சூரியன் அடையற நேரத்துல எடுத்த ரெண்டு படமும் போட்டேன். நிறைய பேர் படிச்சாங்க. அடுத்த ஞாயித்துக்கிழமையிலிருந்து கரையில பைக் சத்தம். பத்து பைக், பதினஞ்சு பைக். ராத்திரி வரைக்கும் பாட்டு, பிரியாணி டப்பா, பாட்டில். காலி பாட்டிலக் கரைமேல விட்டாக்கூடப் பொறுக்கிப் போட்டுடலாம். கீழ வயலுக்குள்ள வீசிட்டுப் போனா சேத்துல என்ன தெரியும்?

நடவு சமயம். எங்க வயல்ல எனக்குக் கல்யாணம் ஆகறதுக்கு முந்தியிலிருந்தே வேலைக்கு வர்ற அக்கா ஒருத்தங்க. சேத்துல கால் வெச்சவங்க அப்படியே உக்காந்துட்டாங்க. பாதத்துல கண்ணாடி ஏறிடுச்சு. ஆறு தையல். மூணு வாரம் கால ஊன முடியல. நடவு முடிஞ்சாதான் அவங்க வீட்டுல நாலு காசு நிக்கும். அந்த மூணு வாரமும் போச்சு. ஆஸ்பத்திரிச் செலவ நான் பாத்தேன். கூலி கொடுக்கப் போனா, "செய்யாத வேலைக்கு எதுக்கு தம்பி"ன்னு பாதிப் பணத்தத் திருப்பிக் கொடுத்துட்டாங்க. அப்பறம் ஒண்ணு கேட்டாங்க: "நீ கம்ப்யூட்டர்ல எழுதினதாலதான் அவனுங்க வந்தானுங்கன்னு ஒங்க சித்தப்பா சொல்றாரு. அப்படியா தம்பி?"

எனக்குப் பேச்சு வரல. அன்னிக்கு ராத்திரியே அந்தப் பதிவ எடுத்துட்டேன்.

சித்தப்பா அதோட விடல. சீமைக்கருவேல முள்ள வெட்டிட்டு வந்து கரைமேல குறுக்கப் போட்டுட்டார். பைக் நின்னுபோச்சு. கூடவே பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க சைக்கிளும் நின்னுபோச்சு. அந்தப் பொண்ணுங்க தார் ரோட்டுல போக பயந்துக்கிட்டு கரைமேலதான் போய்ட்டு வந்துக்கிட்டு இருந்துச்சுங்க. நாலாம் நாள் ரெண்டு அம்மாமாரு வாசல்ல வந்து நின்னாங்க. "எங்க புள்ளைங்க லாரிக்கு நடுவுல போவணுமா மாமா?" சித்தப்பா ஒண்ணும் பேசாம அருவாளத் தூக்கிக்கிட்டுப் போய் முள்ள இழுத்துப் போட்டார்.

சித்தப்பா கோவத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. நாங்க இருக்கறது ரெண்டு ஆத்துக்கு நடுவுல. முக்கொம்புல காவிரி ரெண்டாப் பிரியுது. தெக்கால போறது காவிரி, வடக்கால போறது கொள்ளிடம். கல்லணைகிட்ட ரெண்டும் மறுபடி நெருங்கி வருது. நடுவுல கிடக்கற முப்பது கிலோமீட்டர் திட்டுலதான் ஸ்ரீரங்கமும் திருவானைக்காவலும் எங்க ஊருங்களும் இருக்கு. பாசனத்துக்குக் காவிரி, வெள்ளத்துக்குக் கொள்ளிடம். ரெண்டு பக்கமும் கரை நின்னாதான் நாங்க நிப்போம்.

2018 ஆகஸ்ட் மாசத்த மறக்க முடியாது. கொள்ளிடத்துல ரெண்டு லட்சம் கன அடிக்கு மேல தண்ணி. ஆளுக்கொரு டார்ச் லைட்ட எடுத்துக்கிட்டு ராத்திரியெல்லாம் கரைமேல நடந்தோம். எலி வளை, நண்டு வளை வழியாத் தண்ணி கசியுதான்னு பாக்கணும். கசிஞ்சா உடனே மணல் மூட்டை போடணும். விட்டா விடியறதுக்குள்ள உடைப்பு. அந்த மாசம்தான் 1928ல கட்டின கொள்ளிடம் இரும்புப் பாலத்தோட தூணு சரிஞ்சுது. 22ஆம் தேதி ராத்திரி முக்கொம்பு மேலணையில ஒம்போது ஷட்டர் அடிச்சுக்கிட்டுப் போச்சு. 1830கள்ல ஆர்தர் காட்டன் கட்டினது. அப்படிக் காவல் காத்த கரையில எவனோ வண்டிய அறுத்து முறுக்கி மண்ணக் கிளப்பிட்டுப் போனா, பெரியவங்களுக்கு வயிறு எரியாதா?

கேள்வி கேட்ட தம்பிகிட்ட போன்ல பேசினேன். அவர் ஐரோப்பாவுல டானூப் நதி ஓரமா ஓட்டினவராம். ஜெர்மனியில பாசாவ்ங்கற ஊர்லேர்ந்து வியன்னா வரைக்கும் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல, பெரும்பாலும் ஆத்தோரமாவே சைக்கிள் பாதை இருக்காம். அந்தக் காலத்துல குதிரையக் கட்டிப் படக இழுத்துக்கிட்டுப் போன கரைத்தடத்தத்தான் பல இடத்துல பாதையா மாத்தியிருக்காங்கன்னு சொன்னார். எனக்கு எங்க ஊரு லஸ்கர் ஞாபகம் வந்துட்டார். மதகு, ஷட்டர், கரை எல்லாத்தையும் அப்ப பாத்துக்கிட்டு இருந்த பொதுப்பணித் துறை ஆளு. காக்கிச் சட்டையும் கேரியர்ல சாப்பாட்டுத் தூக்குமா கரைமேல சைக்கிள்ல வருவார். அவர் வந்து போறதுக்குப் போட்ட தடம்தான் இதுவும். நான் சைக்கிள் கத்துக்கிட்டதும் இதே தடத்துலதான், அப்பாவோட சைக்கிள்ல குரங்குப்பெடல் போட்டு.

எழுதலாமா வேணாமான்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி அந்த அக்காகிட்டயே போய்க் கேட்டேன். வாழைக்கு மண் அணைச்சுக்கிட்டு இருந்தாங்க. நிமிந்து பாத்தாங்க.

"என்ன வண்டி?"

"சைக்கிள்தான்க்கா."

"சைக்கிள மிதிச்சு வர்றவன் எத்தன பாட்டிலத் தூக்கிட்டு வந்துடப் போறான்? வரட்டும் போ. தாகம்னு வந்தா தண்ணி குடு."

அதனால எழுதறேன்.

கிழக்க போற வழி: திருவானைக்காவல்லேர்ந்து கல்லணைக்குப் போற ரோடு காவிரியோட வடகரையிலதான் போகுது. திருவளர்ச்சோலை, பனையபுரம், உத்தமர்சீலி, கிளிக்கூடு, அப்பறம் கல்லணை. பதினஞ்சு கிலோமீட்டருக்குள்ளதான் வரும். தார் ரோடு, டவுன் பஸ்ஸு உண்டு. விடியக்காலம் கிளம்பிடுங்க, வெயில் ஏறினா வாழைத்தார் ஏத்தற வண்டிங்க வந்துடும். வலது கைப் பக்கம் ஆறு, இடது கைப் பக்கம் பூவன், ஏலரிசி, கற்பூரவள்ளின்னு வாழைத் தோட்டம். உத்தமர்சீலியில ஒரு தரைப்பாலம் வரும். காவிரியில வெள்ளம் வந்தா தண்ணி அதும்மேல ஏறிக் கொள்ளிடத்துப் பக்கம் போயிடும். அன்னிக்கு ரோடு கிடையாது. அந்த நாள்ல சாகசம் எதுவும் வேணாம், திரும்பிடுங்க. எங்க சனங்க வாழைய எண்ணிக்கிட்டு வயித்தப் பிடிச்சுக்கிட்டு நிக்கற இடம் அது. செல்ஃபியும் வேணாம்.

கல்லணையில கொஞ்ச நேரம் உக்காருங்க. கரிகாலன் பேரச் சொல்லிக்கிட்டு இருக்கற அணை. காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய்னு தஞ்சாவூர்ப் பக்கத்துக்குத் தண்ணி பிரியறது இங்கதான். திரும்பி வரும்போது கொள்ளிடத்துக் கரை மண் தடத்தப் பிடிங்க. அங்கதான் நீங்க கேட்ட அமைதி. நாணலும் மயிலும் கொக்கும்தான் துணை.

மேக்க போற வழி: ஸ்ரீரங்கத்துலேர்ந்து மேலூர், வண்ணத்துப்பூச்சிப் பூங்கா வழியாக் கொள்ளிடக் கரையப் பிடிச்சு முக்கொம்பு. மர நிழல் ஜாஸ்தி, வண்டி கம்மி.

எப்ப வரலாம்? மேட்டூர வழக்கமா ஜூன் 12 தொறந்து ஜனவரி 28 மூடுவாங்க. எல்லா வருஷமும் அப்படி நடக்கறதில்ல, அணையில இருக்கற தண்ணியப் பொறுத்தது. தண்ணியும் வேணும், வெயிலும் வேணாம்னா மார்கழி, தை. ஆடியில வர்றதா இருந்தா ஒரு சூட்சுமம் இருக்கு. மேலக்காத்து ஆளத் தள்ளும். காலையில காத்து ஏர்றதுக்குள்ள மேக்க முக்கொம்புக்குப் போயிட்டு, மத்தியானம் காத்த முதுகுல வாங்கிக்கிட்டு வாங்க. தெரியாம முதல்ல கிழக்க போனவன் திரும்பும்போது இறங்கித் தள்ளிக்கிட்டுதான் வரணும். நான் தள்ளியிருக்கேன்.

மழை பெஞ்ச மறுநாள் மண் கரையில ஏறாதீங்க. வண்டல் மண்ணு மட்கார்டுல அடைச்சுக்கிட்டு சக்கரம் சுத்தாது, கரையும் பள்ளமாகும். நெருஞ்சியும் கருவேல முள்ளும் மெல்லிசு டயர விடாது. பஞ்சர் சாமான் கையில இருக்கட்டும். கொள்ளிடத்துல தண்ணி முழங்கால் அளவு மாதிரி தெரியும், இறங்கிடாதீங்க. மணல் எடுத்த பள்ளம் எங்க இருக்குன்னு எங்களுக்கே தெரியாது. நீச்சல் தெரிஞ்ச புள்ளைங்களையும் நாங்க தூக்கிட்டு வந்திருக்கோம்.

கரையோட கரையா நெல்லு காயப் போட்டிருந்தா இறங்கித் தள்ளிக்கிட்டுப் போங்க. எதிர்ல யூனிஃபார்ம் போட்ட பொண்ணுங்க சைக்கிள்ல வந்தா ஒதுங்கி வழி விடுங்க. அவங்க பாதையிலதான் நாம போறோம். கொண்டு வந்த குப்பைய மூட்டை கட்டித் திரும்பக் கொண்டு போயிடுங்க. இந்தத் தடவ படம் போடல. எந்த இடத்துல கரை ஏறணும்னு அடையாளமும் எழுதல. திருவளர்ச்சோலை டீக்கடையில நின்னு கேட்டா யாராவது கையக் காட்டுவாங்க. அப்படி நின்னு, பேசி, கேட்டுட்டுப் போறவங்களால எங்களுக்கு இதுவரைக்கும் ஒரு தொந்தரவும் வந்ததில்ல.

சென்னைத் தம்பி தை மாசம் வர்றதாச் சொல்லியிருக்கார். அக்காகிட்ட சொன்னேன். "நாலு பேருன்னா பானையில தண்ணி பத்தாதே"ன்னாங்க.